வெறுப்புப் பேச்சுச் சட்டம் நம் வாயைக் கட்டுகிறதா?

கருங்கல் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: வெறுப்புப் பேச்சுக்கு எதிரான சட்டங்கள் கருத்துச் சுதந்திரத்தையும் மதச் சுதந்திரத்தையும் பறித்துவிடுமா? அவருடைய சபைப் போதகர், “இனிமேல் விக்கிரக வணக்கத்தைக் கண்டிக்கிற வசனத்தை வாசித்தால்கூட உள்ளே தூக்கிப் போட்டுவிடுவார்கள்” என்கிறாராம். கூடப் படித்த இந்து நண்பனோ, “மதமாற்றத்தைப் பற்றி நாங்க வாயைத் திறந்தா கேஸ், அவங்க என்ன பேசினாலும் ஒண்ணுமில்ல” என்கிறானாம். இதில் யார் சொல்வது சரி என்பது அவருடைய சந்தேகம்.

நான் நாகர்கோவில், தக்கலை, குழித்துறை கோர்ட்டுகளில் கிரிமினல் வழக்கு நடத்துகிறவன். இரண்டு தரப்புக்காகவும் ஆஜராகியிருக்கிறேன். இரண்டு பேருடைய பயத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் சட்டப் புத்தகத்தில் இருக்கிற தண்டனையைப் பார்த்துத்தான் இருவரும் பயப்படுகிறார்கள். நான் பார்த்தவரை இந்தப் பிரிவுகளில் தண்டனை வரை போகிற வழக்கு அபூர்வம். ஆள் நொறுங்குவது அதற்கு முன்னாலேயே. கைது, ரிமாண்ட், கையெழுத்து, பறிபோன செல்போன், வாய்தா, இவற்றிலேயே முடிந்துவிடும். அதை அப்புறம் சொல்கிறேன். முதலில் இப்படிப்பட்ட சட்டம் நம் ஊருக்குத் தேவையா என்று பார்ப்போம்.

2011 கணக்கெடுப்பின்படி நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்துக்கள் ஏறக்குறைய 48.7 சதவீதம், கிறிஸ்தவர்கள் 46.9 சதவீதம், முஸ்லிம்கள் 4.2 சதவீதம். தமிழ்நாட்டில் வேறெந்த மாவட்டத்திலும் இப்படி இரண்டு மதங்கள் தோளோடு தோள் நிற்பதில்லை. சேர்ந்து வாழ்வதற்கும் அது காரணம், அடித்துக்கொண்டதற்கும் அதுவே காரணம். 1982 மாசிக் கொடை சமயத்தில் மண்டைக்காட்டில் நடந்ததை இன்றும் வயதானவர்கள் தணிந்த குரலில்தான் சொல்வார்கள். கோயில் ஒலிபெருக்கியா, மாதா கோயில் ஒலிபெருக்கியா என்கிற போட்டி. கடலில் குளிக்கப் போன பெண்களிடம் வம்பு செய்தார்கள் என்று ஒரு பக்கப் பேச்சு, தேவாலயத்தைத் தாக்கினார்கள் என்று மறுபக்கப் பேச்சு. மார்ச் 1 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஆறு பேர் செத்தார்கள். அதற்குப் பிறகு கடற்கரை ஊர்களிலும் உள்நாட்டு ஊர்களிலும் வீடுகள் எரிந்தன, வள்ளங்கள் எரிந்தன. குன்றக்குடி அடிகளார் வந்து தெருத்தெருவாக நடந்து சமாதானம் பேச வேண்டியிருந்தது.

விசாரித்த நீதிபதி வேணுகோபால் கமிஷன் ஆர்.எஸ்.எஸ்.-இன் செயல்முறையைக் கடுமையாகச் சாடியது. கட்டாய மதமாற்றத்தைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்றும் அதே கமிஷன்தான் பரிந்துரைத்தது. அவரவர் தங்களுக்கு வேண்டிய பக்கத்தை மட்டும் கிழித்து வைத்துக்கொண்டு இன்றுவரை மேற்கோள் காட்டுகிறார்கள். முழுசாகப் படித்தவரை நான் அதிகம் பார்த்ததில்லை.

எனவே “பேச்சுதானே, யாரையும் என்ன செய்துவிடும்?” என்று நம் மாவட்டத்துக்காரர் யாரும் சொல்ல முடியாது. பேச்சு என்ன செய்யும் என்று நமக்குத் தெரியும். அமெரிக்காவில் 1969-இல் பிராண்டன்பர்க் வழக்கில் அவர்களுடைய உச்ச நீதிமன்றம், உடனடி வன்முறையைத் தூண்டுகிற, அது நடந்தேறவும் வாய்ப்புள்ள பேச்சைத்தான் தண்டிக்கலாம் என்று கோடு போட்டது. ஜெர்மனிக்காரர்கள் நாஜிக் காலத்தை அனுபவித்தவர்கள், பகை மூட்டுகிற பேச்சையே தண்டிக்கிற வேறு கோடு அவர்களுடையது. நாம் ஜெர்மனிக்குத்தான் பக்கம். பேச்சுரிமைக்குக் கட்டுப்பாடு விதிக்க இடம் தருகிற அரசமைப்புச் சட்டத்தின் 19(2)-இல் ‘பொது ஒழுங்கு’ என்கிற காரணம் 1951-இல் முதல் திருத்தத்தில் சேர்க்கப்பட்டது. மதச் சுதந்திரம் தருகிற 25-ஆவது பிரிவும் ‘பொது ஒழுங்குக்கு உட்பட்டு’ என்றுதான் தொடங்குகிறது.

இனி சட்டத்துக்கு வருவோம். ‘வெறுப்புப் பேச்சு’ என்று பெயர் சொல்லி நம் தண்டனைச் சட்டத்தில் ஒரு பிரிவும் கிடையாது. இருப்பது வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு காரணத்துக்காக வந்த சில பிரிவுகள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 153ஏ, இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 196. மதம், சாதி, மொழி போன்றவற்றைச் சொல்லி இரண்டு கூட்டத்தாருக்கிடையே பகை மூட்டுவது இந்தப் பிரிவில் குற்றம். பழைய 295ஏ, இப்போது 299. வேண்டுமென்றே, கெட்ட எண்ணத்தோடு, ஒரு வகுப்பாரின் மதத்தையோ மத நம்பிக்கையையோ இழிவு செய்து அவர்கள் மத உணர்வைப் புண்படுத்துவது இதில் குற்றம். 2024 ஜூலை 1 முதல் எண்கள் மாறின. சரக்கு ஏறக்குறைய பழையதுதான். இரண்டிலும் மூன்று வருடம் வரை சிறை. வழிபாட்டு இடத்தில் வைத்துப் பகை மூட்டினால் 196-இல் ஐந்து வருடம் வரை போகும்.

இந்த இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிப் பேசுவதால்தான் குழப்பம். முதலாவது பிரிவு மனிதர்களைக் காப்பாற்றுகிறது. ‘அந்தத் தெருக்காரர்களை ஊரைவிட்டு விரட்டு’, ‘அவர்கள் கடையில் வாங்காதே, வீடு கொடுக்காதே’ என்கிற பேச்சு அதில் விழும். விழட்டும், எனக்கு வருத்தமில்லை. இரண்டாவது பிரிவு நம்பிக்கையைக் காப்பாற்றக் கிளம்பியது. சிக்கல் அங்கேதான்.

295ஏ பிறந்த கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். லாகூரில் நபிகள் நாயகத்தின் சொந்த வாழ்க்கையைக் கேலி செய்து ஒரு துண்டுப் பிரசுரம் வந்தது. வெளியிட்டவரை 153ஏ-யில் தண்டிக்க முடியாது, இறந்துபோன ஒரு மதத் தலைவரை விமர்சிப்பதை அந்தப் பிரிவு தடுக்கவில்லை என்று 1927-இல் லாகூர் உயர் நீதிமன்றம் விடுவித்தது. ஊர் கொந்தளித்தது. அதே வருடம் புதிய பிரிவு வந்தது. அந்த விவாதத்தில், மதத்தை நேர்மையாக விமர்சிக்கிறவர்களுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று எச்சரித்தவர்களில் ஒருவர் முகமது அலி ஜின்னா. அவர் உருவாக்கிய நாட்டிலேயே, ஆங்கிலேயன் எழுதிய அதே அத்தியாயத்தில் 1980-களில் 295பி, 295சி என்று வால் வளர்ந்தது. 295சி-யில் இன்று மரண தண்டனை. அங்கே சிறுபான்மைக் கிறிஸ்தவர்களும் அகமதியர்களும் படுகிற பாடு எல்லாருக்கும் தெரியும். ‘மனம் புண்பட்டது’ என்பதைக் குற்றத்தின் அளவுகோலாக வைத்தால் அது எந்தப் பக்கம் வளரும் என்பதற்கு நம் சொந்தச் சட்டத்தின் அண்ணன் வீடே சாட்சி.

நம் பக்கம் அந்த வால் வளராததற்கு நீதிமன்றங்கள் ஒரு காரணம். 1957-இல் ராம்ஜிலால் மோடி வழக்கில் உச்ச நீதிமன்றம் 295ஏ செல்லும் என்று சொன்னது. தெரியாமலோ கெட்ட எண்ணம் இல்லாமலோ செய்த அவமதிப்பு இதில் வராது, வேண்டுமென்றே கெட்ட எண்ணத்தோடு செய்கிற முற்றிய அவமதிப்புதான் வரும் என்றும் சேர்த்துச் சொன்னது. 1997-இல் பிலால் அகமது காலூ வழக்கில், பகை மூட்டினார் என்று சொல்ல குறைந்தது இரண்டு சமூகங்களாவது சம்பந்தப்பட்டிருக்க வேண்டும் என்றது. நமக்கு நெருக்கமானது 1989-இல் வந்த ரங்கராஜன் வழக்கு. இட ஒதுக்கீட்டைப் பற்றிய ஒரு தமிழ்ப் படத்துக்கு, கலவரம் வரும் என்று சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் சான்றிதழை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டது. பேச்சுக்கும் ஆபத்துக்கும் உள்ள தொடர்பு வெடிமருந்துக் கிடங்கில் விழுகிற தீப்பொறி மாதிரி நேரடியாக இருக்க வேண்டும். கூட்டம் சேர்ந்து மிரட்டுகிறது, எங்களால் சமாளிக்க முடியாது என்று அரசு கையை விரிக்கக் கூடாது என்றது. நம் ஊரில் ஒரு கூட்டத்துக்கோ ஒரு ஜெபத்துக்கோ ‘சட்டம் ஒழுங்கு’ என்கிற ஒற்றை வரியில் அனுமதி மறுக்கும்போதெல்லாம் நான் எடுத்து நீட்டுவது இந்தத் தீர்ப்பைத்தான். எல்லா நேரமும் வேலை செய்யும் என்று சொல்லமாட்டேன்.

போதகரின் பயத்துக்கு வருகிறேன். வேதத்தில் இருக்கிற வசனத்தைச் சபைக்குள் வாசிப்பதோ, ‘எங்கள் வழியே வழி’ என்று பிரசங்கிப்பதோ குற்றமில்லை. 25-ஆவது பிரிவு மதத்தைப் பின்பற்ற மட்டுமல்ல, பரப்பவும் உரிமை தருகிறது. 1977-இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில், பரப்புகிற உரிமை இன்னொருவரை மதம் மாற்றுகிற உரிமை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. ஆனால் எடுத்துச் சொல்ல உரிமை உண்டு என்பதையும் அதே தீர்ப்பு ஒப்புக்கொள்கிறது. அதே உரிமையில்தான் அந்த இந்து நண்பனும் மதமாற்றத்தைக் கண்டித்துப் பேசலாம், நோட்டீஸ் அடிக்கலாம், ‘உங்கள் சுவிசேஷத்தில் இந்த இடம் பொருந்தவில்லையே’ என்று கேட்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் பார்சிவல் பாதிரியாரோடு உட்கார்ந்து பைபிளைத் தமிழாக்க உதவினார். அப்புறம் வெளியே வந்து கிறிஸ்தவத்தைக் கண்டித்துத் தொடர்ந்து எழுதினார். அந்தக் காலத்து மிஷனரிப் பிரசுரங்களும் சும்மா இல்லை, விக்கிரக வணக்கத்தைக் காரசாரமாகத் திட்டின. இரண்டு பக்கத்துக்கும் 295ஏ இல்லாத காலம் அது. சண்டை அச்சுக்கூடத்தில் நடந்தது.

இன்னும் பக்கத்தில் வாருங்கள், சாமித்தோப்புக்கு. அய்யா வைகுண்டர் மார்பை மறைக்கவும் தலையில் கட்டவும் உரிமை மறுக்கப்பட்ட மக்களைத் தலைப்பாகை கட்டி வரச் சொன்னார். திருவிதாங்கூர் ராஜாவின் ஆட்சியைக் கலி நீசனின் ஆட்சி என்றார். 1838 வாக்கில் ராஜா அவரைப் பிடித்துத் திருவனந்தபுரத்துச் சிங்காரத்தோப்பில் அடைத்தார். அன்றைய மேல்சாதியார் கண்ணில் அவருடைய பேச்சு பகை மூட்டுகிற பேச்சுதான், மத உணர்வைப் புண்படுத்துகிற பேச்சும்தான். புண்பட்டது யார் என்பதை மட்டும் வைத்துச் சட்டம் எழுதினால், அதிகாரத்தில் இருக்கிறவன் மனம்தான் முதலில் புண்படும். பெண்கள் மார்பை மறைக்கிற தோள்சீலை உரிமை விஷயத்தில் 1859-இல் வந்த அரச அறிவிப்பு யாருடைய மனமும் புண்படாமலா வந்தது?

இந்த இடத்தில் அருமனை வழக்கைத் தவிர்க்க முடியாது. 2021 ஜூலை 18. பழங்குடியினர் உரிமைக்காகப் பாடுபட்டு, விசாரணைக் கைதியாகவே இறந்துபோன பாதிரியார் ஸ்டான் சுவாமிக்கு அஞ்சலி செலுத்த ஒரு கூட்டம். பாதிரியார் ஜார்ஜ் பொன்னையா பேசினார். பாரத மாதாவையும் பூமா தேவியையும் இழிவுபடுத்தினார், இந்துக்களைச் சீண்டினார் என்று வழக்கு, கைது. வழக்கை ரத்து செய்யச் சொல்லி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார். 2022 ஜனவரியில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் சில பிரிவுகளை நீக்கினார். 153ஏ, 295ஏ, பகை மூட்டுகிற அறிக்கைகளுக்கான 505(2) ஆகியவற்றை நீக்க மறுத்தார். அந்தத் தீர்ப்பில் ஓர் அளவுகோல் வருகிறது: யார் பேசுகிறார், எங்கே பேசுகிறார். மேடைச் சிரிப்புக் கலைஞர் மதத்தைக் கிண்டல் செய்தால் அது அவர் உரிமை. மதம் பரப்புகிறவர் அந்தச் சலுகையைக் கேட்க முடியாது என்கிற மாதிரி வாதம் போகிறது.

‘எங்கே’ என்பதில் எனக்கு உடன்பாடு உண்டு. ஆயிரம் பேர் கூடிய சந்தியில் மைக் பிடித்துப் பேசுவதும் வீட்டுக் கூடத்தில் பேசுவதும் ஒன்றில்லை, நம் மாவட்டத்தில் நிச்சயமாக ஒன்றில்லை. அந்தப் பேச்சை நானும் கேட்டேன், பக்கத்து வீட்டுக்காரரை வைத்துக்கொண்டு பேசக்கூடிய பேச்சு அல்ல. ஆனால் ‘யார்’ என்கிற அளவுகோல் ஆபத்தானது. மதத்தைப் பரப்புகிற உரிமையை அரசமைப்புச் சட்டம் பெயர் சொல்லித் தந்திருக்கிறது. அந்த உரிமை உள்ளவருக்குச் சிரிப்புக் கலைஞரைவிடக் குறைந்த பேச்சுரிமை என்றால், நாளைக்கு அதே கத்தி இந்து சமய மாநாட்டில் பேசுகிறவர் மேலும் பாயும், ஜும்ஆ பிரசங்கம் செய்கிற இமாம் மேலும் பாயும். ஆளைப் பார்க்காதே, அந்தச் சொல் மனிதர்கள் மேல் பகையை ஏவுகிறதா என்று பார் என்பதே என் கட்சி. அப்படிப் பார்த்தால் அந்த உரையில் சக மனிதர்களைப் பற்றிச் சொன்ன பகுதிக்கு 153ஏ-யில் விசாரணை நடப்பது நியாயம். தெய்வத்தைப் பற்றிச் சொன்ன பகுதிக்குச் சரியான பதில் இன்னொரு மேடை. இதைச் சொன்னால் கோர்ட் கேன்டீனிலேயே என்னோடு சண்டைக்கு வருகிற நண்பர்கள் இருக்கிறார்கள்.

பெரியார் விவகாரத்தையும் எல்லாரும் கேட்பார்கள். 1953-இல் அவர் பிள்ளையார் பொம்மையை உடைத்தார். கீழ்க் கோர்ட்டுகள் அது வழிபாட்டில் இருந்த சிலை இல்லை என்று புகாரைத் தள்ளின. 1958-இல் உச்ச நீதிமன்றம், ஒரு கூட்டத்தார் புனிதம் என்று நினைக்கிற எந்தப் பொருளும் சட்டத்துக்குள் வரும் என்று திருத்திச் சொல்லிவிட்டு, காலம் கடந்துவிட்டது என்று வழக்கைக் கிளறாமல் விட்டது.

இப்போது நான் ஆரம்பத்தில் விட்ட விஷயம், தண்டனைக்கு முன்னாலேயே ஆள் நொறுங்குவது. ஒரு பையன், வளைகுடாவில் வேலை, லீவில் ஊருக்கு வந்திருந்தான். யாரோ அனுப்பிய ஒரு படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தான். எந்த மதம் என்று சொல்லப்போவதில்லை, சொன்னால் நீங்கள் பக்கம் பிரிந்துவிடுவீர்கள். தெருக்காரர் ஒருவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்தார். சாயங்காலத்துக்குள் ஒரு போலீஸ் ஸ்டேஷன் வாசலில் ஐம்பது அறுபது பேர். ‘எஃப்ஐஆர் போடு, இல்லாவிட்டால் மறியல்’ என்றார்கள். அன்று வெள்ளிக்கிழமை. 196, 299 இரண்டும் ஸ்டேஷனிலேயே ஜாமீன் கேட்க உரிமை இல்லாத, கோர்ட் பார்த்து ஜாமீன் தர வேண்டிய பிரிவுகள். ராத்திரி மாஜிஸ்திரேட் வீட்டில் ஆஜர், ரிமாண்ட். சனி, ஞாயிறு கோர்ட் கிடையாது. ஜாமீன் கிடைத்தபோது தினமும் காலை 10.30-க்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போடச் சொல்லி நிபந்தனை. போன் தடய ஆய்வுக்குப் போனது. அவனுடைய டிக்கெட், விசா நகல், சம்பளக் கணக்கு எல்லாம் அதற்குள். கையெழுத்து நிபந்தனை தளர்வதற்குள் விசா காலாவதி ஆகிவிட்டது. பிற்பாடு வழக்கு மதுரையில் ரத்தானது. வேலை போனது போனதுதான்.

இதில் சட்டத்தின் ஓட்டை எங்கே என்று பாருங்கள். 196-க்கும் 299-க்கும் மத்திய அல்லது மாநில அரசின் முன் அனுமதி இல்லாமல் கோர்ட் வழக்கை எடுக்க முடியாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 196-ஆவது பிரிவு (பகை மூட்டுகிற 196 வேறு), இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்கிற பிஎன்எஸ்எஸ்-இல் 217. கண்டபடி வழக்குப் போடாமல் இருக்கத்தான் அந்த வேலி. ஆனால் வேலி கோர்ட் வாசலில் நிற்கிறது. கைதுக்கு அந்த அனுமதி தேவையில்லை. பையனை அடைத்து, வெளியே விட்டு, விசா போய், எல்லாம் முடிந்தபிறகுதான் கோட்டையில் ஒரு அதிகாரி ‘இதற்கு அனுமதி தரலாமா’ என்று ஃபைலைத் திறப்பார். என்னைக் கேட்டால் முதலில் திருத்த வேண்டியது இதைத்தான். அடுத்து, 299-ஐ எடுத்துவிடலாம். மனிதர்கள் மேல் ஏவப்படுகிற பகைக்கு 196 போதும். 2017-இல் சட்ட ஆணையம் தன் 267-ஆவது அறிக்கையில் இன்னும் இரண்டு புதிய பிரிவுகள் வேண்டும் என்று பரிந்துரைத்தது. இருப்பதை ஒழுங்காகப் பயன்படுத்தாதவர்களிடம் இன்னும் இரண்டைக் கொடுப்பானேன்?

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். உண்மையிலேயே ஊரைக் கொளுத்தப் பேசுகிறவர் பெரிய கட்சிக்காரராகவோ பெரிய சபைக்காரராகவோ இருந்தால் எஃப்ஐஆர் எழுத பேனா வேலை செய்யாது. அதனால்தான் புகார் வரும்வரை காத்திருக்காமல் தானாகவே வழக்குப் பதிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபரில் மூன்று மாநிலங்களுக்கும், 2023 ஏப்ரலில் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. எந்த மதத்துக்காரர் பேசினாலும் என்றும் சொன்னது. பெரிய மீனுக்குக் கண்ணி பெரிது, நெத்திலிக்கு மட்டும் வலை இறுகுகிறது என்று குளச்சலில் என்னிடம் வழக்குக் கொடுத்த ஒருவர் சொன்னார். மீன்பிடிக்கிறவர் சொன்னதால் மறுக்க முடியவில்லை.

அரசு மட்டும்தான் வாயை அடைக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். தக்கலைக் கவிஞர் ஹெச்.ஜி. ரசூலை 2007-இல் அவருடைய எழுத்துக்காக ஜமாத் ஊர்விலக்கம் செய்தது. அதற்கு எந்தப் பிரிவும் தேவைப்படவில்லை. சபையிலிருந்து விலக்குவது, ஊர்க் கமிட்டியில் வரி வாங்க மறுப்பது எல்லாம் இந்த வகைதான். இதற்கு எதிராகப் பேச்சுச் சுதந்திரம் கேட்டு வருகிறவர்கள் குறைவு, ஏனென்றால் அடுத்த நாள் கல்யாணத்துக்கோ அடக்கத்துக்கோ அதே ஊரிடம்தான் போக வேண்டும்.

ஒரு நல்ல மாற்றம் வந்திருக்கிறது, பலருக்குத் தெரியவில்லை. மூன்று வருடத்திலிருந்து ஏழு வருடத்துக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களில், டிஎஸ்பி அனுமதியோடு 14 நாளுக்குள் பூர்வாங்க விசாரணை நடத்தி, முகாந்திரம் உண்டா என்று பார்க்கலாம் என்கிறது பிஎன்எஸ்எஸ் 173(3). 2025 மார்ச்சில் இம்ரான் பிரதாப்கடி வழக்கில், ஒரு கவிதைக்காகப் போட்ட எஃப்ஐஆரை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. பேச்சு, எழுத்து சம்பந்தமான இத்தகைய வழக்குகளில் போலீஸ் முதலில் இந்த விசாரணையைச் செய்வதே பொருத்தம் என்று அதில் சொன்னது. தொட்டதற்கெல்லாம் ஆட்டம் காண்கிற மனத்தை வைத்து அளக்காதே, திடமான மனமுள்ள நியாயமான ஆள் எப்படி எடுத்துக்கொள்வார் என்று பார் என்றும் சொன்னது. ஸ்டேஷனில் இந்தத் தீர்ப்பின் நகலைக் கொடுத்து, ‘ஐயா, முதலில் 173(3) பாருங்க’ என்று எழுத்தில் கேட்கலாம். வாசலில் கூட்டம் நிற்கும்போது ஒரு இன்ஸ்பெக்டருக்கே அது உதவி, மேலதிகாரி பெயரைச் சொல்லி மூச்சுவிட 14 நாள் கிடைக்கிறது.

தம்பிக்கும் போதகருக்கும் நண்பனுக்கும் சேர்த்துக் கடைசியாக ஒன்று. போலீஸ் கூப்பிட்டால் தலைமறைவாகாதீர்கள், பதிவை அழிக்காதீர்கள். அழித்தால் தடயத்தை மறைத்ததாக இன்னொரு பிரிவு சேரும். ஏழு வருடத்துக்குட்பட்ட குற்றம், ஆகவே கைது செய்யாமல் பிஎன்எஸ்எஸ் 35(3) நோட்டீஸ் கொடுத்து விசாரிக்கச் சொல்லிக் கேளுங்கள். நோட்டீஸுக்கு ஆஜராகிப் பதிலை எழுத்தில் கொடுத்து நகலில் சீல் வாங்குங்கள். போனை எடுத்தால் கைப்பற்றல் பட்டியல் கேளுங்கள், பிஎன்எஸ்எஸ் 105-இன்படி கைப்பற்றுவதை வீடியோவில் பதிவு செய்ய வேண்டும் என்பதையும் மரியாதையாக நினைவுபடுத்துங்கள். விசா, பாஸ்போர்ட் நகல்கள் போனுக்கு வெளியே இன்னொரு இடத்தில் இருக்கட்டும்.